கீழே நாலு பல்

டோக்கன் நாற்பத்தேழு. பலகையில் முப்பத்தொன்று எரிந்துகொண்டிருந்தது. கால்மணி நேரமாக அதே முப்பத்தொன்றுதான்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உட்கார முடியவில்லை. எழுந்தான். பல் ஆஸ்பத்திரிக் கூடத்தின் கோடிவரை போனான். தண்ணீர் மெஷினைப் பார்த்தான். தாகம் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளை நான்கு நான்காக ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தார்கள். ஒருவர் எழுந்தால் மற்ற மூவரும் ஆடவேண்டும். மூன்றாவது முறை அவன் எழுந்தபோது, ஓரத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த பெரியவர் வாயைத் திறக்காமலே முறைத்தார்.

"ஒரு இடத்துல இருங்களேன், மாப்பிள்ளை. நீங்க ஆட்டுற ஆட்டத்துல அவரு பல்லு தானா விழுந்துடும்போல," என்றாள் அத்தை.

அத்தை என்றால் மாமியார். மனைவியின் அம்மா. மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு பேரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். போங்கள் என்று அவன் சொல்லவில்லை. போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. அவ்வளவுதான் ஏற்பாடு. காலை ஆறரைக்கு அவள் ஹோட்டல் சலவைக்கூடத்துக்குக் கிளம்புவாள். நாள் முழுக்க படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி. ஏழு மணிக்கு அவன் கிளம்புவான். வீட்டுக்கு இரண்டு சாவி. சாயங்காலம் ஒரே டிவி.

இப்போதெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்தால் அத்தையின் கை வாய்க்குப் போய்விடும். முந்தானையால் மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அரை மணி நேரம் அப்படியே இருப்பாள். அழுகையை அடக்குகிறாள் என்று அவன் நினைத்தான். அழுகிறவர்களைப் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. எழுந்து சமையலறைக்குப் போய், கழுவின டம்ளரையே மறுபடி கழுவுவான்.

"கூட ஒரு ஆள் வரணுமாம்," என்று மட்டும்தான் போன வாரம் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. பல் செட் கட்டப் போகிறாள், கூட ஒரு ஆள் கேட்டிருப்பார்கள் என்று அரை நாள் லீவு போட்டான். ஒரு மணிக்கு வேலையில் இருக்கவேண்டும். மேல்வரிசை முழுவதும் போய் வருஷமாகிறது. கீழே முன்பக்கம் நான்கு பல் மிச்சம். மத்தியானம் டீயில் ஊறவைத்த பன், ராத்திரி குழைய வடித்த சாப்பாடு. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவனிடமும் ஒரு திட்டம் இருந்தது. சட்டைப் பையில் வங்கி அட்டை. மனைவி இறந்த பிறகு அவள் அலுவலகம் போட்ட பணம் இரண்டு லட்சத்துச் சொச்சம் அந்தக் கணக்கில் கிடந்தது. அவன் தொட்டதில்லை. மாதாமாதம் வங்கியிலிருந்து வரும் செய்தியைத் திறக்காமலே அழித்துவிடுவான். அவள் அம்மாவின் பல்லுக்கு என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. ஒருமுறை எடுத்துவிட்டால் மீதியும் சாதாரணப் பணம் ஆகிவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தான். அத்தையிடம் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு எரிந்தது. பிறகு யார் செய்த புண்ணியமோ, எண்கள் மளமளவென்று ஓடின.

கவுன்ட்டரில் இருந்த அம்மா கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு திரையை வெறும் கண்ணால் படித்தாள். அரசுக் காப்பீட்டு அட்டையை வாங்கித் தட்டினாள். அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது.

"மேல் செட்டு முழுசா அட்டையில வந்துடும். ஒத்தக் காசு கட்ட வேணாம். கீழதான் இடிக்குது."

"என்ன இடிக்குது?" என்றான்.

"நாலு பல்லு இருக்கே. ஒரு தாடையில ஒரு பல்லு இருந்தாக்கூட அது பாதி செட்டு. பாதி செட்டு அட்டையில கிடையாது. உலோகக் கம்பி வச்சா பதினாறாயிரம். வெறும் பிளாஸ்டிக்குன்னா ஏழரை."

"கீழயும் பல்லே இல்லைன்னா?"

"முழு செட்டு. இலவசம்."

"முழுசு இலவசம். பாதி பதினாறாயிரமா?"

"சார், காலையில இருந்து இதைக் கேக்குற பதினோராவது ஆளு நீங்க." கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தாள். "நாலு பல்லு வச்சிருக்கவங்க வசதியானவங்க. வசதியானவங்களுக்குச் சலுகை இல்ல." சிரிக்காமல்தான் சொன்னாள்.

அவன் கை சட்டைப் பைக்குப் போனது. அதற்குள் அத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அந்த நாலையும் எடுக்கத்தானேம்மா வந்திருக்கேன். எழுதிக் கொடுத்தேனே, பாருங்க."

அவன் கை பையிலேயே நின்றது.

கவுன்ட்டரம்மா திரையை உருட்டினாள். "ஆமா, இருக்கு. ஆனா ஆடுற பல்லுன்னு டாக்டர் எழுதணும். நல்ல பல்லை எடுக்க அட்டைக்காரங்க சம்மதிக்க மாட்டாங்க. பிரஷர் மாத்திரை வேற சாப்பிடுறீங்க, கூட வந்தவங்க கையெழுத்து வேணும்." அவனிடம் ஒரு தாளைத் தள்ளினாள். "நீங்க யாரு, பையனா?"

"மருமகன்."

"பொண்ணு வரலையா?"

அவன் வாயைத் திறந்தான். 

"அவளுக்கு லீவு கிடைக்கல," என்றாள் அத்தை.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அனுமதிக்குப் போற தாள் கட்டு இன்னைக்குப் பன்னண்டரைக்குக் கிளம்பிடும்," என்றாள் கவுன்ட்டரம்மா. "விட்டா அடுத்த கட்டு மூணு மாசம் கழிச்சு. சீக்கிரம் உள்ள போங்க."

கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

டாக்டர் சின்னப் பெண். கோபம் மட்டும் பெரிய டாக்டருடையது. அத்தையை நாற்காலியில் சாய்த்து விளக்கை இழுத்தாள். இரண்டு கருவிகளின் பிடியை ஒரு பல்லின் முன்னும் பின்னும் வைத்து மெல்ல அழுத்தினாள். முதல் பல். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் நின்றாள். மறுபடி அழுத்தினாள். பல் அசைந்ததைக் கதவோரம் நின்ற அவனும் பார்த்தான்.

டாக்டர் திரையில் பழைய குறிப்பைத் திறந்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் பார்த்தேன். நாலும் கல்லு மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கேன். இப்ப ஒண்ணு ஆடுது." மறுபடி குனிந்தாள். உதட்டைக் கீழே இழுத்து ஈறை உற்றுப் பார்த்தாள். "இது என்ன கீறல்? நகமா?"

அத்தை விளக்கையே பார்த்தாள். டாக்டரின் விரல் வாய்க்குள் இருந்தது.

"அம்மா. கையால பிடிச்சு ஆட்டுனீங்களா?"

அத்தையின் கண் மட்டும் ஒருமுறை சிமிட்டியது.

 முந்தானை. சுவர்ப்பக்கம் திரும்பிய முகம். அவன் அடுத்த அறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் பல்லைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றி வீசினாள். "இலவச செட்டுக்காகவா?"

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் துடைத்தாள். "போன தடவை வந்தப்பதான் சொன்னாங்க, ஆடினா எடுக்கலாம்னு. ஒண்ணு ஆடுதுல்ல டாக்டர்? மத்ததும் ஆடும். இன்னும் கொஞ்ச நாள்ல."

"ஆட்டினா ஆடத்தான் செய்யும்! கட்டடத்தைக்கூட ஆட்டினா ஆடும்." டாக்டர் மேஜை மேலிருந்த மாதிரித் தாடையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "இங்க பாருங்க. மேல அண்ணம் இருக்கு. செட்டு அதுல ஒட்டி நிக்கும். கீழ ஒட்ட இடமே இல்ல. நடுவுல நாக்கு. பேசினா தூக்கும், கொட்டாவி விட்டா மிதக்கும். இந்த நாலு பல்லு இருந்தா அதுல கம்பியை மாட்டி அசையாம நிறுத்தலாம். இது போச்சுன்னா என்ன பண்ணுவீங்க தெரியுமா? இலவச செட்டை அலமாரியில வச்சுட்டு ஈறாலயே சாப்பிடுவீங்க. பாதிப் பேரு அதைத்தான் பண்றாங்க."

"பழகிக்கிறேன்."

"நான் எழுத மாட்டேன்."

"வேற டாக்டர் எழுதுவாங்க."

டாக்டர் அவனைப் பார்த்தாள். "சார், கையெழுத்து நீங்கதானே? வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. பத்து நிமிஷம்."

நடைவழியில் எக்ஸ்ரே அறைக்கதவு திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டி போக ஒதுங்கினார்கள். சுவரோடு நின்றார்கள். அவனால் அங்கேயும் நிற்க முடியவில்லை. நாலடி போனான், நாலடி வந்தான்.

"எத்தனை நாளா?" என்றான்.

"ரெண்டு மாசம். சீரியல் ஓடுற அரை மணி. விளம்பரம் வந்தா கை மாத்திக்குவேன்."

"நீங்க அழறீங்கன்னு நினைச்சேன்."

"அழறதுக்கு டிவி எதுக்கு, மாப்பிள்ளை?"

அவன் நின்றான். மறுபடி நடந்தான். "வலிக்கலையா?"

"வலிக்காம? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கலாம்னா, கடிக்க மேல பல்லு இல்ல."

இன்னொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பணம் இருக்கு."

"எந்தப் பணம்?"

அவன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான்.

"அவ பணம்தானே?" என்றாள். "காலையில நீங்க சட்டைப் பையில அந்த அட்டையை வைக்கும்போதே பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கடனுக்கு மாசாமாசம் சம்பளத்துல பாதி போகுது. நம்ம கையில வேற என்ன இருக்கு? அதை எடுப்பீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். இந்த மேல் பல்லு விழுந்தப்பவே தெரியும்."

"சும்மாதானே கிடக்கு."

"கிடக்கட்டும்."

"எதுக்குக் கிடக்கணும்?"

அத்தை கைக்குட்டையை மடித்தாள். பிரித்தாள். விரிப்பை மடிக்கிற மாதிரி மூலைக்கு மூலை வைத்து மறுபடி மடித்தாள்.

"அந்தப் பணத்துல பல்லு கட்டி, அந்தப் பல்லால நான் மென்னு சாப்பிடணும். மூணு வேளையும். நினைச்சுப் பார்த்தீங்களா?"

அவன் நினைத்துப் பார்க்கவில்லை. பில்லை நினைத்தான். ரசீதை நினைத்தான். கணக்கில் ஒரு தொகை குறைவதை நினைத்தான். வாயை நினைக்கவில்லை.

ஆனாலும் கோபம் போகவில்லை. யார்மேல் என்று தெரியாததால் வந்த இடத்திலேயே நின்றது. "அதுக்காக நல்ல பல்லைப் புடுங்கிப் போடுவீங்களா?"

"என் பல்லு."

"அவ இருந்தா விடுவாளா?"

பதினான்கு மாதத்தில் அவன் மனைவியைப் பற்றி இப்படிக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. எக்ஸ்ரே அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"அவ இருந்தா," என்றாள் அத்தை, "அந்தப் பணம் ஏது?"

கதவு திறந்தது. மூடியது. யாரோ பெயரைக் கூப்பிட்டார்கள். இவர்கள் இல்லை. பதினொன்று ஐம்பத்தெட்டு.

அவன் பையிலிருந்து அட்டையை எடுத்தான். அதை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. பிறகு பணப்பையைத் திறந்து, எளிதில் கை போகாத உள்மடிப்பில், பழைய பஸ் பாஸுக்குப் பின்னால் செருகினான்.

"சரி. நான் இதைத் தொடல. நீங்க அதைத் தொடாதீங்க."

"அப்ப பதினாறாயிரம்?"

"தெரியல."

"தெரியலைன்னா எப்படி? மேல மட்டும் போட்டுக்கிட்டு நான் யாரைக் கடிக்கிறது?"

"என்னைக் கடிங்க. இப்ப அதைத்தானே பண்றீங்க?"

அத்தை கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு டாக்டரின் அறையைப் பார்த்து நடந்தாள். எதற்கு நடக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. பின்னால் ஓடினான்.

அவள் நாற்காலியில் ஏறி, தானே தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ஆடுறதுக்கு ஏதாவது பண்ண முடியுமா, டாக்டர்? நிக்க வைக்க?"

டாக்டர் அவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"முடியும். நாலையும் சேர்த்துப் பின்பக்கமா ஒரு மெல்லிய கம்பியை ஒட்டிடுவேன். ஒண்ணை அசைக்கணும்னா நாலையும் அசைக்கணும்." கடைசி வார்த்தைகளை அத்தையின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "மூணு மாசத்துல பிடிச்சுக்கும். ஆனா இது அட்டையில வராது. ஆயிரத்து இருநூறு."

"ஆட்டினது இலவசம். நிறுத்துறதுக்குக் காசா?" என்றாள் அத்தை.

"சட்டம் நான் எழுதலம்மா. வாயைத் திறங்க."

ஆயிரத்து இருநூறு அவனிடம் இருந்தது. அந்த மாதத்து மளிகைக்கு வைத்தது. அத்தை வாயைத் திறந்து கிடக்கும்போதே மேல் செட்டுக்கான தாளை எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு ஓடினான். வரிசையில் ஆறு பேர். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினான். முன்னால் நின்றவர் தன் மகனின் கடைவாய்ப்பல்லுக்கு ஏன் காசு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பையனுக்குப் போன வாரம் பதினெட்டு முடிந்துவிட்டதாம். "ஒரு வாரம் முன்னாடி வலிக்கக் கூடாதா அவனுக்கு?" என்று கவுன்ட்டரம்மாவைக் கேட்டார். அவள் பன்னிரண்டாவது ஆளாக அவரையும் எண்ணிக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு அவன் முறை வந்தது. பல் எடுப்பதற்கான தாளைக் குறுக்கே அடித்தான். மேல் செட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டான். கவுன்ட்டரம்மா முத்திரை குத்திக் கட்டின் மேல் வைத்து ரப்பர் வளையம் மாட்டினாள்.

"கீழ?"

"பாதி செட்டு. கம்பி வச்சது."

"பணம்?"

"எப்ப கட்டணும்?"

"அனுமதி வந்ததுல இருந்து ஆறு மாசம் செல்லும். மேலயும் கீழயும் சேர்த்துத்தான் அளவு எடுப்பாங்க. அதுக்குள்ள கட்டலைன்னா மேல் செட்டு அனுமதியும் போயிடும். மறுபடி முதல்ல இருந்து வரிசை."

"ஒரு மாசம் கூடுதலாக் கிடைக்காதா?"

"கிடைக்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிடைச்சதாக் கேள்விப்படல," என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. அத்தை நாக்கால் வாய்க்குள் எதையோ தடவிக்கொண்டே நின்றாள். அவன் கைபேசி இரண்டு முறை துடித்தது. மேற்பார்வையாளர். எடுக்கவில்லை.

"கம்பி நாக்குல இடிக்குது," என்றாள்.

"ரெண்டு நாள் இடிக்கும்னாங்க."

"ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் கேட்டாக் கொடுப்பாங்க. ஒரு நாளைக்கு அறுநூறு."

"உங்களுக்குப் பிரஷர் இருக்கு."

"இஸ்திரிப் பெட்டிக்கு இல்லையே."

"வேணாம், அத்தை. ராத்திரி லிஃப்ட் நின்னாக் கூப்பிடுவாங்கல்ல, அந்த வேலையை நான் எடுத்துக்கறேன். ஒரு தடவை போனா நானூறு." விரலை மடக்கினான். "நாப்பது தடவை."

"நாப்பது தடவை யாராவது லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டுக் கத்தணும். அதுக்கு நான் வேற வேண்டிக்கணும். நல்லா இருக்கு."

"ஆள் மாட்டணும்னு இல்ல. வெறும் லிஃப்ட் நின்னாலும் கணக்குல வரும்."

"ராத்திரி முழிச்சுட்டுக் காலையில பன்னண்டாவது மாடிக்கு மேல ஏறி நிப்பீங்களா? ஏற்கெனவே தூங்குறதே இல்ல. டம்ளர் கழுவுற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நினைப்பா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். பஸ் வரவில்லை. மடக்கிய விரல்களை விரித்து மறுபடி மடக்கினான். பாதி அவள், பாதி இவன் என்றால் பதினான்கு ஞாயிறு, இருபது தடவை ராத்திரி வேலை. மனசுக்குள் சரியாக வந்தது. சொல்லப் பிடிக்கவில்லை.

"பிளாஸ்டிக் ஏழரைதானே," என்றாள் அத்தை.

"பிளாஸ்டிக் ஈறை அமுக்கும். ரெண்டு வருஷத்துல அந்த நாலும் போயிடும்னு டாக்டர் சொன்னாங்க. கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு நாலும் தானாப் போயிடுச்சுன்னா, முழு செட்டு இலவசம்தானே?"

"அத்தை!"

அவள் முகத்தைப் பார்த்தான். கிண்டலா, நிஜமா? பதினான்கு மாதம் அந்த முகத்தைப் பார்க்காமலே ஒரே வீட்டில் இருந்துவிட்டான். இப்போது படிக்கத் தெரியவில்லை.

பஸ் வந்தது. உள்ளே இருந்தவர்களே கம்பியில் தொங்கினார்கள். அத்தையை முன்படியில் தள்ளி ஏற்றிவிட்டுப் பின்படிக்கு ஓடித் தொற்றிக்கொண்டான். வண்டி நகர்ந்தது. கைபேசி மறுபடி துடித்தது. எடுக்கக் கை இல்லை. தோள்களுக்கும் பைகளுக்கும் நடுவில் அவள் தலை எங்கே என்று எக்கி எக்கித் தேடினான். தெரியவில்லை. குரல்தான் வந்தது.

"மாப்பிள்ளை! பதினாறாயிரமே போட்டுக்கலாம்! ஆனா ஞாயித்துக்கிழமை எனக்கு!"

அவன் யோசித்தான். ஒரு நிறுத்தம் போனது.

"அப்ப இருபது தடவை எனக்கு!" என்று கத்தினான்.

நடுவில் நின்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.